ஹார்மோன் சிகிச்சை: திருநங்கையரும் திருநம்பியரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநங்கையர், திருநம்பியர் (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு, ஆணாக உணர்பவர்கள்), அவர்களைப் பெற்றவர்கள், ஜமாத்தில் (திருநங்கையர் கூடி வாழும் குடும்ப அமைப்பில்) வளர்ப்பவர்கள் எனப் பலரிடமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். சிலவற்றுக்கு நாலு வரி போதும். சிலவற்றை நீட்டிச் சொல்லியிருக்கிறோம், ஏனென்றால் அங்கேதான் உயிர் போகிறது. மருந்தின் அளவுகளைக் கொடுத்திருப்பது, டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டை நீங்கள் புரிந்துகொண்டு கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காக. உங்களுக்கான அளவு உங்கள் வயது, எடை, கல்லீரல், சிறுநீரகம், பழைய நோய்கள் எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவாகும்.

ஹார்மோன் கேட்டுப் போனால் என்னை மனநோயாளி என்று எழுதிவிடுவார்களா?

இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிறப்பில் குறித்த பாலினமும் உள்ளுக்குள் உணரும் பாலினமும் பொருந்தாத நிலையை அந்தப் பதிப்பு மனநோய்களின் அத்தியாயத்திலிருந்து எடுத்து, பாலியல் நலம் பற்றிய அத்தியாயத்தில் வைத்தது. பட்டியலை விட்டே எடுக்காததற்கும் காரணம் உண்டு. பெயரில்லாத ஒன்றுக்கு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுத முடியாது, காப்பீடும் கேட்க முடியாது.

மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்வது வழக்கம். அவர் பார்ப்பது மூன்று விஷயங்கள். இந்த உணர்வு நீண்ட நாளாக நிலையாக இருக்கிறதா, சிகிச்சையால் எது மாறும், எது திரும்பி வராது என்று தெரிந்துதான் கேட்கிறீர்களா, தூக்கமின்மை, மனச்சோர்வு, குடிப்பழக்கம் போன்றவற்றுக்கும் சேர்த்து உதவி வேண்டுமா. பைத்தியம் என்று எழுதிவிடுவார் என்ற பயத்தில் இவற்றை மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஹார்மோனோ ஆபரேஷனோ செய்துகொள்ளாவிட்டால் நான் திருநங்கை இல்லையா?

உங்கள் பாலினத்தைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்றும் சொன்னது. ஹார்மோன் எடுக்காமலே நிறைவாக வாழ்பவர்கள் நிறைய. கூட இருப்பவர்கள் கேலி பேசுகிறார்கள் என்பதற்காக மட்டும் தொடங்க வேண்டாம். வளர்ந்த மார்பும் உடைந்த குரலும் மருந்தை நிறுத்தினாலும் பழையபடி ஆகாது.

மெடிக்கல் ஷாப்பில் மாலா-டி வாங்கி தினமும் 3, 4 மாத்திரை போடுகிறேன். மார்பு நன்றாகவே வளர்கிறது. என்ன தப்பு?

எங்களுக்கு அதிகம் பயம் தருவது இந்தக் கேள்விதான்.

மாலா-டி கருத்தடை மாத்திரை. ஒரு அட்டையில் 28 மாத்திரை. அதில் 21 மாத்திரையில்தான் ஹார்மோன் இருக்கிறது. மீதி 7 இரும்புச்சத்து. ஹார்மோன் மாத்திரை ஒவ்வொன்றிலும் 30 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடையால், 0.15 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல். ஒரு நாளைக்கு 3, 4 போட்டால் எத்தினைல் எஸ்ட்ராடையால் 90 முதல் 120 மைக்ரோகிராம் வரை போகிறது.

எத்தினைல் எஸ்ட்ராடையால் 1938இல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டது. உடலில் இயற்கையாகச் சுரக்கும் பெண் ஹார்மோனான எஸ்ட்ராடையாலுக்கு ஒரு வால் ஒட்டியது போன்ற அமைப்பு அதற்கு. அந்த வால் இருப்பதால் கல்லீரலால் அதைச் சீக்கிரம் உடைக்க முடியாது. கல்லீரலிலேயே நீண்ட நேரம் தங்கி, ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை அதிகமாகச் சுரக்கச் செய்கிறது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு காலத்தில் திருநங்கையருக்கு தினமும் 100 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடையாலைத்தான் கொடுத்துவந்தார்கள். அவர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 1997இல் வெளிவந்தது. ரத்தக்கட்டி உண்டாவது மற்றவர்களைவிட சுமார் 20 மடங்கு அதிகமாக இருந்தது. அதன் பிறகு அந்த மருந்தையே கைவிட்டார்கள். 3, 4 மாலா-டி போடுகிறவர், அங்கே கைவிடப்பட்ட அதே அளவை யாருக்கும் தெரியாமல் தனியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு சிக்கல் ரத்தப் பரிசோதனையில் வரும். வழக்கமான எஸ்ட்ராடையால் பரிசோதனையில் எத்தினைல் எஸ்ட்ராடையால் தெரியாது. ரிப்போர்ட்டில் அளவு குறைவாக வரும். "ஏறவே இல்லையே" என்று மேலும் 2 மாத்திரை கூட்டுவார்கள். உள்ளே ஏற்கெனவே அளவுக்கு மேல் இருக்கும்.

முகப்பருவுக்கு எழுதும் டயான்-35 மாத்திரையிலும் 35 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடையால் உண்டு. பெயர் வேறு, ஆபத்து அதேதான்.

புகைப்பவர்களுக்கும், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், 40 வயது தாண்டியவர்களுக்கும், ரயிலிலும் பஸ்ஸிலும் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்து பயணிப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடுதல். ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கிச் சூடாக வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துவது, இருமலில் ரத்தம், ஒரு பக்கம் கை கால் சோர்ந்துபோவது: இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். போன இடத்தில் என்ன மாத்திரை, எத்தனை போட்டீர்கள் என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வாயுத் தொல்லை என்று அனுப்பிவைத்துவிடவும் கூடும்.

அப்படியானால் திருநங்கையருக்குச் சரியான மருந்து எது?

உடலில் சுரப்பதே போன்ற எஸ்ட்ராடையால். மாத்திரையாக எஸ்ட்ராடையால் வாலரேட் கிடைக்கிறது. பெரும்பாலும் நாளைக்கு 2 மி.கி.யில் தொடங்கி, ரத்த அளவைப் பார்த்து 4, அதிகபட்சம் 6 மி.கி. வரை கூட்டுவார்கள். தோலில் தடவும் ஜெல்லும் உண்டு. அது கல்லீரலை முதலில் தொடாமல் நேரே ரத்தத்தில் சேர்வதால், 45 வயதைத் தாண்டியவர்களுக்கும் ரத்தக்கட்டி அபாயம் உள்ளவர்களுக்கும் நல்லது. தடவிய இடம் காயும்வரை சட்டை போடக் கூடாது, அந்த இடம் குழந்தைகள் மேல் படக் கூடாது.

கூடவே ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அடக்க ஒரு மருந்து தேவைப்படும். ஸ்பைரோனோலாக்டோன் என்றால் நாளைக்கு 100 முதல் 300 மி.கி. வரை, 50 மி.கி. மாத்திரையில் தொடங்கி. சைப்ரோடெரோன் என்றால் 10 மி.கி. அளவே போதும். முன்பெல்லாம் 50, 100 மி.கி. என்று தாராளமாக எழுதினார்கள். அதிக அளவில் வருடக்கணக்காக எடுத்தால் மூளை உறையில் மெனிஞ்சியோமா என்ற கட்டி வரும் வாய்ப்பு கூடுகிறது என்று தெரிந்த பிறகு, குறைந்த அளவே வழக்கமாயிற்று. உங்கள் பழைய சீட்டில் 50 என்று இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள்.

இலக்கு இதுதான்: ரத்தத்தில் எஸ்ட்ராடையால் ஒரு மில்லிலிட்டருக்கு 100 முதல் 200 பிகோகிராம், டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே.

அளவைக் கூட்டினால் சீக்கிரம் மாற்றம் வருமா?

வராது. மார்புத் திசுவில் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் இத்தனைதான் என்று உண்டு. அவை நிறைந்த பிறகு உள்ளே போவது ரத்தக்கட்டிக்கும் கல்லீரல் பாரத்துக்கும்தான் உதவும். தோல் மென்மையாவது, கொழுப்பு இடுப்பில் சேர்வது, மார்புக்காம்புக்கு அடியில் நெல்லிக்காய்போல் கெட்டியாகி வலிப்பது இவையெல்லாம் 3 முதல் 6 மாதத்தில் தொடங்கும். முழு வளர்ச்சிக்கு 2 முதல் 3 வருடம் ஆகும். காலை விறைப்பு குறைவது மட்டும் 1 முதல் 3 மாதத்திலேயே தெரியும்.

எஸ்ட்ரோஜனால் (எஸ்ட்ராடையால் அதில் ஒரு வகை) குரல் மாறாது. அதற்குப் பேச்சுப் பயிற்சியாளரிடம் பயிற்சி வேண்டும். தாடியின் அடர்த்தி கொஞ்சம் குறையுமே தவிரப் போகாது. லேசரோ மின்சாரத்தால் முடியை நீக்குவதோதான் வழி. இடுப்பிலும் மார்பிலும் திரவ சிலிக்கான் ஊசி போடுகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அது நுரையீரலுக்கு ஓடிப்போய் உயிரை வாங்கிய சம்பவங்கள் உலகமெங்கும் பதிவாகியிருக்கின்றன.

ஸ்பைரோனோலாக்டோன் எடுக்கும்போது இளநீர் குடிக்கக் கூடாது என்கிறார்களே?

காரணத்தோடு சொன்ன பேச்சுதான். இந்த மாத்திரை, சிறுநீரில் போக வேண்டிய பொட்டாசியத்தை உடலிலேயே நிறுத்திவைக்கும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் நன்றாக உள்ளவர் எப்போதாவது ஒன்று குடித்தால் ஒன்றும் ஆகாது. வெயில் காலத்தில் தினம் இரண்டு மூன்று வெட்டிக் குடிப்பதும், ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று பொட்டாசியம் கலந்த உப்பைச் சமையலில் போடுவதும் வேண்டாம். பொட்டாசியம் மிக அதிகமானால் இதயத் துடிப்பு தடுமாறும். பல நேரம் முன்னறிவிப்பே இருக்காது.

இளநீரைவிடக் கவனிக்க வேண்டியது கோ-ட்ரைமாக்ஸசோல் மாத்திரை. சிறுநீர்த் தொற்றுக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் தொற்றுத் தடுப்பாகவும் கொடுக்கிறார்கள். அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும். இரண்டும் சேரும்போது கட்டாயம் ரத்தம் பார்க்க வேண்டும்.

அடிக்கடி சிறுநீர் போவது, படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டுவது இரண்டும் இந்த மருந்தின் வழக்கமான தொல்லைகள். இரவு மாத்திரையைச் சாயங்காலத்துக்கு மாற்றினால் தூக்கம் கெடாது.

என் மகளுக்கு நிர்வாணம் (ஆணுறுப்பையும் விதைப்பையையும் நீக்குவது) ஆகிவிட்டது. இனி ஹார்மோன் எதற்கு, எல்லாம் முடிந்ததே என்கிறாள். சரிதானா?

சரியில்லை அம்மா. இதைக் கொஞ்சம் பொறுமையாக அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

விதைப்பை நீங்கியதும் டெஸ்டோஸ்டிரோன் சில நாட்களிலேயே அடிமட்டத்துக்குப் போய்விடும். எஸ்ட்ரோஜனும் எடுக்காவிட்டால் உடலில் பாலின ஹார்மோன் எதுவுமே இல்லாமல் போகும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருவதுபோல் உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும், வியர்க்கும், தூக்கம் போகும், அழுகை வரும். இதைப் பார்த்து ஏதோ தோஷம் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத சேதம் எலும்பில் நடக்கும். 25 வயதில் நிர்வாணமாகி, ஒன்றுமே எடுக்காமல் இருந்தவருக்கு 40 வயதிலேயே பாட்டியின் எலும்பு இருக்கலாம். வழுக்கி விழுந்தாலே இடுப்பெலும்பு முறியும்.

செய்ய வேண்டியது: ஸ்பைரோனோலாக்டோன், சைப்ரோடெரோன் போன்ற அடக்கும் மருந்துகளை நிறுத்திவிடலாம், அடக்க இனி ஒன்றும் இல்லை. எஸ்ட்ராடையாலைத் தொடர வேண்டும். முன்பைவிடக் குறைந்த அளவே போதுமானதாக இருக்கும். உணவிலும் மாத்திரையிலுமாகத் தினம் சுமார் 1000 மி.கி. கால்சியம், குறைவாக இருந்தால் வைட்டமின் டி. பல வருடம் ஹார்மோன் இல்லாமல் இருந்தவர்கள் டெக்ஸா ஸ்கேனில் எலும்பின் அடர்த்தியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாயம்மா (ஆஸ்பத்திரிக்கு வெளியே நிர்வாணம் செய்யும் மூத்த திருநங்கை) கையால் நிர்வாணம் ஆனவர்களுக்கு இன்னொரு தொல்லை வரும். தையலும் குழாயும் இல்லாமல் ஆறிய புண் சுருங்கும்போது சிறுநீர்த் துவாரமும் சுருங்கிவிடும். சிறுநீர் நூல்போல வருகிறதா, முக்கினால்தான் வருகிறதா, இரண்டாகப் பிரிந்து தெறிக்கிறதா, அடிக்கடி எரிச்சலும் காய்ச்சலும் வருகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் சிறுநீரகவியல் பிரிவில் காட்ட வேண்டும். துவாரத்தைச் சரிசெய்வது சிறிய சிகிச்சைதான். வருடக்கணக்கில் விட்டால் சிறுநீர் பின்னோக்கித் தேங்கி சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். நிர்வாணத்துக்குப் பிறகு இருக்கும் நாற்பது நாள் விரதத்தை மதித்தாலும் தண்ணீரைக் குறைக்க வேண்டாம். சிறுநீர் வற்றினால் தொற்று கூடும்.

தமிழ்நாட்டில் இந்த அறுவை சிகிச்சை அரசு ஆஸ்பத்திரியிலேயே கட்டணமில்லாமல் கிடைக்கிறது. இனி யாரும் கத்திக்குத் தனியாகப் போக வேண்டியதில்லை.

நான் திருநம்பி. சஸ்டனான் ஊசி போட்ட வாரம் சிங்கம்போல இருக்கிறேன், மூன்றாம் வாரம் எழுந்திருக்கவே முடியவில்லை. ஏன்?

ஊசியின் கலவையே அப்படி. 1 மி.லி. கண்ணாடிக் குப்பியில் இருக்கும் 250 மி.கி. நான்கு விதமான டெஸ்டோஸ்டிரோன் எஸ்டர்களால் ஆனது: புரோப்பியனேட் 30, ஃபீனைல்புரோப்பியனேட் 60, ஐசோகேப்ரோயேட் 60, டெகனோயேட் 100. முதல் மூன்றும் வேகமாகக் கரைந்துவிடும், கடைசி ஒன்றுதான் தாங்கி நிற்கும். அதனால் முதல் சில நாள் உச்சத்துக்கு ஏறி, மூன்றாம் வாரம் பள்ளத்தில் விழும்.

டாக்டரிடம் சொல்லி, ஒரே மொத்த அளவைச் சிறிதாக்கி நெருக்கமாகப் போடலாம். 4 வாரத்துக்கு ஒருமுறை 250 மி.கி. என்பதற்குப் பதில் 2 வாரத்துக்கு ஒருமுறை 125 மி.கி. என்றால் ஏற்ற இறக்கம் மட்டுப்படும். 1000 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் அன்டெகனோயேட் ஊசி 10 முதல் 14 வாரம் தாங்கும். விலை அதிகம், ஆஸ்பத்திரியில் மெதுவாகப் போட்டு அரை மணி நேரம் உட்காரவைத்துத்தான் அனுப்புவார்கள், எண்ணெய்த் துளி நுரையீரலுக்குப் போய் இருமலும் மூச்சுமுட்டலும் வரக்கூடும் என்பதால்.

சஸ்டனானின் அடிப்படை கடலை எண்ணெய். வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஊசியை நானே போட்டுக்கொள்ளலாமா?

முதல் நாலைந்து தடவை நர்ஸ் போட, நீங்கள் பார்த்துக் கற்ற பிறகு முடியும். மருந்து நல்லெண்ணெய்போல் கெட்டியாக இருக்கும். குப்பியை உள்ளங்கையில் மூடிச் சில நிமிடம் வைத்தால் இளகும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குப்பியின் கழுத்தைத் துடைத்து, துணியைப் பிடித்துக்கொண்டு உங்களுக்கு எதிர்ப்புறமாக உடையுங்கள். தடித்த 18 கேஜ் ஊசியால் மருந்தை இழுங்கள். பிறகு அந்த ஊசியைக் கழற்றிவிட்டு, உடம்புக்கு மெல்லிய 22 அல்லது 23 கேஜ் புது ஊசி மாட்டுங்கள். மாற்றாமல் போடுபவர்களுக்குத்தான் வலியும் கட்டியும் அதிகம். இழுக்கும்போதே ஊசியின் முனை மழுங்கிவிடுகிறது, தடித்த ஊசி வேறு.

தொடையில் இடுப்புக்கும் முழங்காலுக்கும் இடையே மூன்றாகப் பிரித்தால், நடுப்பகுதியின் வெளிப்பக்கம் பாதுகாப்பான இடம். உட்கார்ந்து, காலைத் தளர்த்தி, நேராகக் குத்தி, அரை நிமிடமாவது எடுத்து மெதுவாக அழுத்துங்கள். அடுத்த தடவை மற்றத் தொடை. சிவந்து சூடாகி, 2 நாள் கழித்தும் வலி ஏறிக்கொண்டே போனால் சீழ் பிடிக்கிறது என்று அர்த்தம். ஊசியை யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம், யாரிடமும் வாங்கவும் வேண்டாம்.

ரிப்போர்ட்டில் பிசிவி 55 என்று வந்திருக்கிறது. ரத்தம் நிறைய இருந்தால் நல்லதுதானே?

பிசிவி என்பது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. டெஸ்டோஸ்டிரோன் இதை ஏற்றும். 50ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 54ஐத் தாண்டினால் ரத்தம் பாகுபோல் கெட்டியாகி, பக்கவாதம் வரக்கூடும். அடுத்த ஊசியைப் போடாமல் டாக்டரைப் பாருங்கள். அளவைக் குறைப்பது, இடைவெளியை மாற்றுவது, ஜெல்லுக்கு மாறுவது ஆகியவைதான் தீர்வு. புகைப்பழக்கமும், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கமும் பிசிவியை இன்னும் ஏற்றும். பரிசோதனைக்கு முந்தைய நாள் வெயிலில் அலைந்து தண்ணீர் குடிக்காமல் போனாலும் பொய்யாகக் கூடுதலாக வரும்.

மாதவிடாய் நின்றுவிட்டது. இனி கர்ப்பம் ஆகாதுதானே?

ஆகலாம். இதை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. மாதவிடாய் பெரும்பாலும் 1 முதல் 6 மாதத்தில் நிற்கும், ஆனால் கருமுட்டை சில சமயம் வெளிவரும். டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து கிடையாது. கருவில் உள்ள குழந்தையையும் பாதிக்கும். ஆணுறையோ காப்பர்-டியோ வேண்டும். கருப்பை வாய் இருக்கும்வரை புற்றுநோய்ப் பரிசோதனையும் வேண்டும். பெண்கள் வார்டு வரிசையில் தாடியோடு நிற்கக் கூச்சமாக இருக்கும் என்பது தெரியும். முன்கூட்டியே பேசித் தனி நேரம் கேட்டு வாங்குவதில் தவறில்லை.

மார்பை மறைக்க கிரேப் பேண்டேஜ் சுற்றுகிறேன். பரவாயில்லையா?

வேண்டாம். கிரேப் பேண்டேஜ் மூச்சு விட இடம் கொடுக்காமல் இறுகிக்கொண்டே போகக்கூடும். விலா எலும்பை வளைத்துவிடும், முறிக்கவும் செய்யும். அளவெடுத்து வாங்கிய பைண்டர் (மார்பைத் தட்டையாகக் காட்டும் உள்ளாடை) போடுங்கள், ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தூங்கும்போதும் ஓடும்போதும் கூடாது. நம் ஊர் வெயிலில் மார்பின் அடியில் வியர்க்குருவும் பூஞ்சையும் வரும். தினமும் துவைத்துக் காயவைத்துப் போட இரண்டு பைண்டர் வேண்டும்.

ரத்தப் பரிசோதனை எப்போது, எதற்கு?

முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு 1 அல்லது 2 முறை. திருநங்கையருக்கு எஸ்ட்ராடையால், டெஸ்டோஸ்டிரோன், கல்லீரல், சர்க்கரை, கொழுப்பு. ஸ்பைரோனோலாக்டோன் எடுத்தால் பொட்டாசியமும் கிரியேட்டினினும். சைப்ரோடெரோன் எடுத்தால் புரோலாக்டினும். திருநம்பியருக்கு டெஸ்டோஸ்டிரோன், பிசிவி, கல்லீரல், கொழுப்பு.

சஸ்டனான் ஊசி போட்ட மறுநாள் ரத்தம் கொடுத்தால் அளவு வானத்தில் இருக்கும். அதைப் பார்த்து டாக்டர் குறைத்துவிடுவார். இரண்டு ஊசிக்கு நடுவிலோ, அடுத்த ஊசிக்குச் சற்று முன்போ கொடுங்கள், எப்போது கொடுத்தீர்கள் என்று தாளிலேயே எழுதிவையுங்கள். முடிக்கும் நகத்துக்கும் பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள், பரிசோதனைக்கு 2 அல்லது 3 நாள் முன்பே நிறுத்துங்கள். சில கருவிகளில் அது ஹார்மோன் அளவைத் தவறாகக் காட்டும்.

எச்.ஐ.வி. மாத்திரையோடு ஹார்மோன் சேர்ந்தால் மாத்திரை வேலை செய்யாது என்கிறார்களே?

இந்தப் பயத்தால் எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள், அதுதான் ஆபத்து. ஏ.ஆர்.டி. மையத்தில் இப்போது பெரும்பாலோருக்குக் கொடுக்கும் டி.எல்.டி. மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் இருக்கின்றன. எஸ்ட்ராடையாலோடு இவற்றுக்குச் சண்டை கிடையாது. பழைய எஃபாவிரென்ஸ் மாத்திரை எஸ்ட்ராடையால் அளவைக் குறைக்கும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் எஸ்ட்ராடையாலையும் டெஸ்டோஸ்டிரோனையும் வேகமாக உடைத்து வெளியேற்றிவிடும். அந்த மாதங்களில் மார்பு வலி நின்று மாற்றம் தேங்கினால் இதுதான் காரணம், டி.பி. மாத்திரையைத் தொடக் கூடாது, ஹார்மோன் அளவைத்தான் டாக்டர் பார்த்துக்கொள்வார். எச்.ஐ.வி. பரிசோதனை அரசின் ஐ.சி.டி.சி. மையத்தில் இலவசம், சந்தேகங்களுக்கு 1097 என்ற எண் இருக்கிறது.

தேங்காய் எண்ணெயைத் தடவி ஆணுறை போடாதீர்கள். எண்ணெய் பட்ட லேட்டக்ஸ் சில நிமிடங்களிலேயே பலமிழந்து கிழியும். தண்ணீர் அடிப்படையிலான ஜெல் வாங்குங்கள்.

யோனி அமைக்கும் அறுவைக்குப் பிறகு டைலேட்டரை (பாதை மூடாமல் இருக்க உள்ளே வைக்கும் குழல்) விட்டுவிட்டால் என்ன ஆகும்?

புண் ஆறும்போது சுருங்குவது உடலின் இயல்பு. புதிதாக அமைத்த பாதையை அது காயம் என்றே நினைத்து மூடப் பார்க்கும். முதல் 3 மாதம் தினம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 10 முதல் 15 நிமிடம் என்பது பொதுவான அட்டவணை. பிறகு படிப்படியாகக் குறைத்து, ஒரு வருடத்துக்குப் பிறகு வாரத்துக்குச் சில முறை. உங்கள் சர்ஜன் சொல்லும் அட்டவணைதான் உங்களுக்கு. முதல் மாதங்களில் ஒரு வாரம் விட்டால்கூட ஆழம் போய்விடும், மறுபடி அந்த அளவு உள்ளே போகாது. அப்போது பலவந்தமாக அழுத்தாமல் ஒரு சிறிய அளவுக்கு இறங்கி, சர்ஜனைப் பாருங்கள்.

வீட்டில் தனி அறையும் கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்லாதவர்களுக்கு, தினம் மூன்று முறை என்பது எவ்வளவு கடினம் என்று ஆபரேஷன் தேதி வாங்குமுன்பே யோசியுங்கள். முதல் 3 மாதம் எங்கே தங்குவது என்று முடிவு செய்த பிறகு தேதி வாங்குவது நல்லது.

உள்ளே சிவப்பாகச் சதை வளர்ந்து ரத்தம் கசிந்தால் ஓ.பி.யிலேயே சரிசெய்துவிடலாம். யோனி வழியாக மலமோ காற்றோ வந்தால் அன்றே போக வேண்டும். ஆண்மைச் சுரப்பி (புரோஸ்டேட்) உள்ளேயேதான் இருக்கும் என்பதால், 50 வயதுக்குப் பிறகு அதன் சோதனையைப் பற்றியும் கேட்க வேண்டும்.

பிற்காலத்தில் குழந்தை வேண்டும் என்று தோன்றினால்?

தொடங்குமுன் விந்தணுவையோ கருமுட்டையையோ உறையவைப்பதே உறுதியான வழி. எஸ்ட்ரோஜனை நிறுத்திச் சில மாதங்களில் விந்தணு திரும்பியவர்களும் உண்டு, திரும்பாதவர்களும் உண்டு. நிர்வாணத்துக்குப் பிறகு வழியே இல்லை.

என் பிள்ளையை நல்ல டாக்டரிடம் காட்டினால் பழையபடி மாற்றிவிடலாமா?

முடியாது. முயன்றால் பிள்ளையை இழப்பீர்கள். மின்சாரம் வைப்பது, மாந்திரீகம், அடைத்துவைப்பது, அவசரக் கல்யாணம், ஆண் ஹார்மோன் ஊசி எதுவும் யாரையும் மாற்றியதில்லை. மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும்தான் கூட்டின. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பில் இப்படிப்பட்ட மாற்று முயற்சிகளைத் தடைசெய்தது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் இதைத் தொழில்முறைத் தவறு என்றே அறிவித்தது. மாற்றித் தருகிறேன் என்று பணம் வாங்கும் டாக்டர் மீது மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

பிள்ளை 18 வயதுக்குக் கீழே என்றால் உங்கள் சம்மதம் இல்லாமல் மருந்து தர மாட்டார்கள். அதுவரை நீங்கள் செய்யக்கூடியது, அவர் சொல்லும் பெயரில் கூப்பிடுவது, படிப்பை நிறுத்தாமல் பார்த்துக்கொள்வது. பிள்ளைக்கு உயிரை விடும் எண்ணம் வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416ஐக் கூப்பிடுங்கள்.

எங்கள் குழந்தை பிறக்கும்போதே ஆணா பெண்ணா என்று தெளிவாக இல்லை. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டுமா?

இப்படிப் பிறக்கும் ஊடுபால் குழந்தைகளுக்கு உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய இந்த ஆபரேஷன் கூடாது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அளித்த தீர்ப்பை அடுத்து, அந்த ஆகஸ்ட்டில் தமிழ்நாடு அரசு இதைத் தடைசெய்தது. இந்தியாவில் இப்படிச் செய்த முதல் மாநிலம் தமிழ்நாடு. ஆனால் ரத்தப் பரிசோதனை உடனே வேண்டும். அட்ரீனல் சுரப்பிக் குறைபாடு இருந்தால் உப்பு வெளியேறி, முதல் 2, 3 வாரத்திலேயே வாந்தியும் மயக்கமும் வந்து குழந்தை இறந்துவிடக்கூடும். அதற்கு மருந்து உண்டு.

முதல் தடவை எங்கே போவது, என்ன எடுத்துப்போவது?

சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் திருநருக்கான சிறப்புப் பிரிவு உண்டு. மற்ற ஊர்களில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் நாளமில்லாச் சுரப்பிப் பிரிவில் கேளுங்கள்.

அடையாள அட்டை, இதுவரை எடுத்த ரிப்போர்ட்டுகள், இப்போது போடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளும் எடுத்துப்போங்கள், நாட்டு மருந்தும் சேர்த்து. காலி அட்டையாக இருந்தாலும் பரவாயில்லை. பின்னால் அச்சிட்டிருக்கும் சின்ன எழுத்தில்தான் உள்ளே இருப்பது எஸ்ட்ராடையாலா எத்தினைல் எஸ்ட்ராடையாலா என்று தெரியும். வீட்டில் யாருக்காவது ரத்தக்கட்டி, பக்கவாதம், மார்பகப் புற்றுநோய் இருந்ததா என்று முன்பே கேட்டு வையுங்கள். கடைசியாக மாத்திரை போட்ட தேதியையும் நேரத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி ரிப்போர்ட்டோடு சேர்த்துக் கொடுங்கள்.